அட்டைப் பையில் ஒரு வரைபடம்: பழம்புத்தகக் கேள்வி – பதில்

இந்த முறை வடசென்னைக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். விக்டோரியா மகாராணி காலத்து (1837–1901) மிஷனரிகள், ஆய்வுப் பயணிகள் பற்றிய புத்தகங்கள் வேப்பேரி, ராயபுரம், பெரம்பூர் பரண்களிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. மிஷன் பள்ளிக்கூடமும் சர்ச்சும் ரயில்வே குவார்ட்டர்ஸும் அடுத்தடுத்து இருந்த பகுதி, இருக்கத்தானே செய்யும்.

கே: பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த கட்டில் டேவிட் லிவிங்ஸ்டன் எழுதிய தடித்த புத்தகம் கிடைத்தது. தலைப்புப் பக்கத்தில் லண்டன், ஜான் மர்ரே, 1857 என்று போட்டிருக்கிறது. இது முதல் பதிப்புதானா? பெரிய விலை போகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– வாசகர், ராயபுரம்

ப: உங்களிடம் இருப்பது, ஆப்பிரிக்கா போன மிஷனரி லிவிங்ஸ்டனின் ‘மிஷனரி டிராவல்ஸ் அண்ட் ரிசர்ச்சஸ் இன் சவுத் ஆப்பிரிக்கா’. ஆண்டை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. முதலில் அச்சிட்ட 12,000 பிரதிகளும் வெளியாகும் முன்பே ஆர்டரில் தீர்ந்துவிட்டதால் வெளியீட்டாளர் மர்ரே அதே ஆண்டில் மறுபடியும் அச்சேற்றினார். விற்பனை 70,000 வரை போனது. ஆகவே புத்தகம் அபூர்வம் இல்லை. குறை ஒன்றும் இல்லாத பிரதிதான் அபூர்வம்.

தலைப்புப் பக்கத்தை முதலில் பாருங்கள். ‘தவுசண்ட்’ என்று முடியும் வரி ஏதாவது இருந்தால் அது எத்தனையாவது ஆயிரம் பிரதி என்ற கணக்கு, அதாவது பிந்தைய அச்சு. அடுத்து படங்கள். தலைப்புப் பக்கத்துக்கு எதிரே விக்டோரியா அருவியின் மடிப்புப் படம் இருக்க வேண்டும். அதுவும், 66, 225 ஆகிய பக்கங்களுக்கு எதிரே உள்ள படங்களும் இரண்டு விதமாக வந்திருக்கின்றன: சில பிரதிகளில் கல்லச்சு, சிலவற்றில் மரச்செதுக்கு. கல்லச்சு உள்ளதையே சேகரிப்பவர்கள் முந்தையதாக மதிக்கிறார்கள். 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும், தெரிந்துவிடும். கல்லச்சில் கோடுகள் கிரேயானால் இழுத்ததுபோலப் பொடிப்பொடியாக இருக்கும், அடியில் ஒரு வெளிர்நிறப் பூச்சு சீராக ஓடும். மரச்செதுக்கில் ஒவ்வொரு கோடும் கத்தியால் நறுக்கியதுபோலத் தெளிவாக முடியும்.

லிவிங்ஸ்டனின் உருவப்படம் ஒன்று, மடிப்பு வரைபடங்கள் இரண்டு, நில அடுக்குகளைக் காட்டும் மடிப்புத் தாள் ஒன்று இருக்கின்றனவா பாருங்கள். வரைபடங்களில் ஒன்று பின்னட்டையின் உட்புறப் பையில் செருகியிருக்கும். ஒட்டாமல் இருப்பதால் முதலில் தொலைவது அதுதான். பையே இல்லாமல் உள்தாள் புதிதாக ஒட்டப்பட்டிருந்தால் யாரோ மறுபைண்டிங் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு ஃபாரம் எண்ணுங்கள். நம்மூர் அச்சகங்களில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பார்களே, அதே கணக்குதான் இங்கும். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருக்கும். முன்பக்கங்களுக்கு ஏ போய்விடும். 1-ஆம் பக்கத்தில் பி, 17-இல் சி, 33-இல் டி, 49-இல் இ. அச்சுக்காரர்கள் பழைய லத்தீன் வழக்கப்படி 23 எழுத்துகளையே வைத்துக்கொண்டார்கள். ஜே, வி, டபிள்யூ மூன்றும் கிடையாது. அதனால் இஸட் 337-ஆம் பக்கத்தில் வரும், 353-இல் இரட்டை ஏ தொடங்கும். ஐ-க்கு அடுத்து கே வருகிறதே, நடுவில் ஒரு ஃபாரம் போய்விட்டதே என்று பதற வேண்டாம். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே 8 தாள் இருக்கிறதா என்பதே கேள்வி. நூல் 687-ஆம் பக்கத்தில் முடிகிறது. அதற்குப் பின் மர்ரே நிறுவனத்தின் 8 பக்க விளம்பரப் பட்டியலும் இருந்தால் இன்னும் நல்லது.

படத்தாள்களுக்கு இந்த எழுத்துக் கணக்கு உதவாது. அவை தனியாக அச்சிட்டு ஓரத்தில் பசை வைத்துச் செருகப்பட்டவை. முன்னால் உள்ள படப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். படம் காணாமல்போன இடத்தில் தடயம் இருக்கும்: உள்மடிப்பில் 2, 3 மில்லிமீட்டர் காகித விளிம்பு, எதிர்ப்பக்கத்தில் படத்தின் அளவுக்குச் சதுரமாகப் பழுப்பு நிழல். சட்டம் போட்டு மாட்டி விற்பதற்காகப் படங்களை பிளேடால் எடுத்துவிடுகிறார்கள். வரைபடத்தை விரிக்கும்போது புத்தகத்தை மேசையில் கிடத்தி, மடிப்பு எந்த வரிசையில் போயிருக்கிறதோ அதற்கு நேர் எதிர் வரிசையில் பிரியுங்கள். கையில் பிடித்தபடி விரித்தால், உள்ளே ஒட்டிய இடத்தில் இரண்டு அங்குலத்துக்குக் கிழியும்.

இதே பேரில் வேறு சிலவும் உலவுகின்றன. மர்ரே 1861-இல் போட்ட ‘பாப்புலர் அக்கவுண்ட்’ சுருக்கப் பதிப்பு. நியூயார்க்கில் ஹார்ப்பர் வெளியிட்டது 1858. லிவிங்ஸ்டனின் பயணத்தை வைத்து ரௌட்லெட்ஜ் 1857-இலேயே இறக்கிய சிறு நூல் ஒன்றும் உண்டு. அது போலி என்று மர்ரே தரப்பு அப்போதே எச்சரித்தது. தலைப்புப் பக்கத்தில் மர்ரே இருப்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

விலைக்கு வருவோம். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். ஒரு வரைபடம் குறைந்தாலே ‘குறையுள்ள பிரதி’ என்ற கணக்கில் போய்விடும், விலை பாதிக்கும் கீழே இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் வரைபடத்தை எண்ணியிருக்க மாட்டார்.

கே: ஆப்பிரிக்கப் பயணி ஸ்டான்லியின் ‘இன் டார்க்கஸ்ட் ஆப்பிரிக்கா’, 1890, முதல் தொகுதி மட்டும் இருக்கிறது. இரண்டாவதைத் தேடி வாங்கிச் சேர்த்தால் விலை ஏறுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

ப: ஏறாது. ஜோடியாகவே ஏராளமாகக் கிடைக்கிற நூல் அது. ஸ்டான்லி கையெழுத்திட்ட 250 பிரதிகள் கொண்ட சிறப்புப் பதிப்புக்குத்தான் தனி மதிப்பு. இரண்டாம் தொகுதி தனியாகக் கிடைத்தாலும் துணியின் நிறம் மங்கியது ஒரு மாதிரி, பதிப்பு வேறு மாதிரி என்று பொருந்தாது. வைத்துப் படியுங்கள்.

கே: 1860-களில் வந்த மிஷனரிப் பயண நூல் ஒன்றின் முன்னட்டை கழன்றுவிட்டது. மிண்ட் பக்கம் ஒரு பைண்டர், எல்லாவற்றையும் பிரித்து ரெக்ஸின் போட்டுத் தங்க எழுத்து அடித்துப் புதுசாகத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

ப: கொடுக்காதீர்கள். கணக்குப் புத்தகமும் கல்லூரி ரெக்கார்டும் கட்டுவதில் அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் அந்த வேலையின் முறை இந்தப் புத்தகத்துக்கு எமன். என்ன நடக்கும் தெரியுமா? முதுகிலிருந்து பழைய தையலை அறுப்பார். ஃபாரங்கள் தனித்தனித் தாளாகும். முதுகிலிருந்து கால் அங்குலம் தள்ளித் துளை போட்டுப் பக்கத் தையல் போடுவார். அதன்பின் புத்தகம் தட்டையாக விரியாது. விரித்து அழுத்தினால் நூறாண்டு தாண்டிய காகிதம் தையல் கோட்டிலேயே ஒடியும். அடுத்து கட்டிங் மெஷின். மூன்று பக்கமும் சீவும்போது பொன்விளிம்பு போகும், படங்களின் அடிக்குறிப்பு போகும். மடித்து உள்ளே இருக்கும் வரைபடத்தின் மடிப்பு விளிம்பு கத்திக்குக் கீழே வந்தால் ஒரே வரைபடம் நான்கு துண்டாக வெளியே வரும். பழைய துணி அட்டை, உள்தாள், கடைசி விளம்பரப் பக்கம் எல்லாம் குப்பைக்கூடைக்கு. சேகரிப்பவர் பணம் கொடுப்பதே அந்தக் குப்பைக்கூடைக்குத்தான்.

கழன்ற அட்டையை இப்போதைக்கு 2 சென்டிமீட்டர் அகலப் பருத்தி நாடாவால் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். முடிச்சு வெட்டுவாயின் பக்கம் (முதுகுக்கு எதிரே, புத்தகம் திறக்கும் ஓரம்) வரட்டும், அட்டைமேல் வந்தால் பள்ளம் விழும். ரப்பர் பேண்ட் கூடாது. அது உருகி ஒட்டிக்கொள்ளும். நிறைய பேருக்கு இதுவே நிரந்தரத் தீர்வாகவும் போதும்.

உள்தையல் உறுதியாக இருந்து, முதுகுத் துணி மட்டும் கிழிந்திருந்தால், கைவேலை தெரிந்த பைண்டரிடம் பழைய துணிக்கு அடியில் புதுத் துணி கொடுத்து, பழைய முதுகை மேலே ஒட்டித் தரச் சொல்லலாம். அப்போதும் வாயால் சொல்லாதீர்கள், சீட்டில் எழுதிக் கொடுங்கள்: எந்த விளிம்பும் வெட்டக்கூடாது, பக்கத் தையல் கூடாது, ஃபெவிக்கால் கூடாது, உதிர்ந்த துண்டு எதுவானாலும் கவரில் போட்டுத் திருப்பித் தர வேண்டும்.

பசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது நம்மூர் வழக்கம். பூச்சிக்கு அது விஷம்தான். ஆனால் தாமிர உப்பு காகிதத்தின் நாரை மெல்ல அரித்து, பசை பட்ட இடத்தைப் பழுப்பாக்கி உடைக்கும். ஃபெவிக்கால் காய்ந்தபின் தண்ணீரில் கரையாது, பின்னால் யாராலும் பிரிக்க முடியாது. செல்லோடேப் சில ஆண்டுகளில் தானாக உதிரும், அதன் மஞ்சள் எண்ணெய்க் கறை உதிராது.

சின்னக் கிழிசலை நீங்களே சரிசெய்யலாம். கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு. அரை மணி ஊறவிட்டு, சிறுதீயில் விடாமல் கிளறி 20 முதல் 30 நிமிடம் காய்ச்சினால் கண்ணாடிபோலக் கெட்டியாகும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்து, தண்ணீர் விட்டு மோர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மைதாவை அப்படியே போடாதீர்கள், அதிலுள்ள பசைப்புரதம் காய்ந்தபின் விறைக்கும், பூச்சியையும் கூப்பிடும். 6 முதல் 10 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஜப்பான் டிஷ்யூ என்ற மெல்லிய, நீள நார்க் காகிதத்தைக் கத்தரிக்காமல், ஈரக்கோடு போட்டுக் கையால் கிழியுங்கள். விளிம்பில் நீளும் நார்தான் பிடிமானம். பசை தடவி ஒட்டி, மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதன்மேல் ஒற்றுத்தாள், அதற்குமேல் அம்மிக்குழவி அளவு கனம். ஒற்றுத்தாளைப் பத்து நிமிடத்தில் ஒருமுறை மாற்றி, பிறகு இரவெல்லாம் விட்டுவிடுங்கள். பசை அதிகமானால் காகிதம் சுருங்கி அலையாகும். எல்லாரும் முதல் முறை செய்கிற தவறு அதுதான், பழைய நாளிதழில் நாலு தடவை பழகிக்கொள்ளுங்கள். செய்த பசை மூன்று நாளில் புளித்துவிடும்.

கே: தோல் அட்டை தொட்டால் கையில் செந்தூரம்போல ஒட்டுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகர், புரசைவாக்கம்

ப: தலைக்குத் தடவுங்கள், புத்தகத்துக்கு வேண்டாம். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட 19-ஆம் நூற்றாண்டுத் தோல், நிலக்கரிப் புகையிலும் கேஸ் விளக்கிலும் வந்த கந்தக வாயுவை உறிஞ்சி உள்ளேயே அமிலமாக்கிக்கொண்டது. நார் சிதைந்து தூளாகிறது. போனது திரும்பாது. எண்ணெய் பட்டால் கறுத்துப் பிசுபிசுத்துப் பூஞ்சைக்குத் தீனியாகும். க்ளூசெல் ஜி என்ற செல்லுலோஸ் தூளை 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 2 கிராம் வீதம் கரைத்து, ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு கோட் கொடுத்தால் தூள் உதிர்வது நிற்கும். தோலின் நிறம் சற்றே அழுத்தமாகும், அதனால் மூலையில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது.

கே: வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஸ்டீல் பீரோவில் வைத்தும் புத்தகங்களில் பூஞ்சை, ராமபாணப் பூச்சி, போதாததற்குத் துளைபோடும் புழுவும். அந்துருண்டை, வேப்பிலை, வசம்பு எல்லாம் போட்டாயிற்று.
– வாசகர், காசிமேடு

ப: மூன்றும் வேறு வேறு எதிரி, ஒரே மருந்து கிடையாது.

பூஞ்சைக்குக் காரணம் ஈரப்பதம். காற்றில் 65 சதவீதத்துக்கு மேல் ஈரம் நின்றால் அது வளரும். கடலோரத்தில் மழைக்காலத்தில் அதைத் தாண்டாத நாளே குறைவு. 45 முதல் 55 சதவீதம் என்ற புத்தக அளவை ஏசி இல்லாத வீட்டில் எட்ட முடியாது. காற்று ஓடினால் பூஞ்சை தங்காது, அதையாவது செய்யுங்கள். மூடிய இரும்பு பீரோவில் இரவில் சுவர் குளிர்ந்ததும் உள்பக்கம் வியர்க்கிறது. அதற்குக் கண்ணாடி இல்லாத திறந்த அலமாரி எவ்வளவோ மேல். பீரோதான் என்றால் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, பின்பலகைக்கும் புத்தகத்துக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு, தினமும் ஒருமணி நேரம் கதவைத் திறந்து ஃபேன் போடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் காற்றுப்புகாத டப்பாவில் வேலை செய்யும், தினம் திறக்கிற பீரோவில் அது வெறும் அலங்காரம். புத்தகத்தை பாலிதீன் கவரில் போட்டு ஒட்டிவைப்பது ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான். ஏற்கெனவே பூத்திருந்தால் என்95 மாஸ்க் போட்டு மொட்டைமாடி நிழலில், காற்று வருகிற திசைக்கு முதுகைக் காட்டி, உலர்ந்தபின் மென்பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் காகிதத்துக்குள் இழுபடும். வெயிலில் விரித்தால் அட்டை வளையும், துணியின் நிறம் போகும்.

பழுப்புப் புள்ளிகளைப் பூஞ்சை என்று பிளீச் போட்டுவிடாதீர்கள். அவை பெரும்பாலும் காகிதத்தில் கலந்த இரும்புத் துகளும் பழைய ஈரமும் சேர்ந்து வந்தவை. இருந்துவிட்டுப் போகட்டும்.

ராமபாணம் பசையையும் ஸ்டார்ச் பூசிய துணியையும் மேலாகச் சுரண்டும். இருட்டும் ஈரமும் குறைந்தால் அதுவும் குறையும். துளைபோடுவது வண்டின் புழு. அலமாரித் தட்டில் ரவைபோலப் புதுத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. அதற்கு ஃப்ரீசர்தான் மருந்து. புத்தகத்தைத் தடித்த ஜிப் கவரில் போட்டு, காற்றை முழுக்க அழுத்தி வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். உங்கள் ஃபிரிட்ஜ் அந்தக் குளிருக்குப் போகிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள், பல வீட்டு ஃபிரிட்ஜுகள் போவதில்லை. கரண்ட் நீண்ட நேரம் போனால் நாட்களை முதலிலிருந்து எண்ணுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கக் கவரைத் திறக்கக்கூடாது. திறந்தால் சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த அட்டைமேல் தண்ணீராகக் கோத்துக்கொள்ளும். பூச்சிக்காகச் செய்தது பூஞ்சையில் முடியும்.

அந்துருண்டை முட்டையைக் கொல்லாது, உங்கள் ஈரலுக்கும் நல்லதல்ல. பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும். வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம், பக்கத்துக்குள் செருகக் கூடாது.

இன்னொன்று. கீழ்த்தட்டைத் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் உயர்த்துங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. நனைந்த புத்தகத்தில் 48 மணி நேரத்தில் பூஞ்சை தொடங்கிவிடும். அதற்குள் உலர்த்த முடியாது என்றால் ஈரத்தோடு அப்படியே ஃப்ரீசரில் வைத்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் படங்கள் ஒட்டியபடி காய்ந்தால் பிறகு பிரியவே பிரியாது.

கே: குவார்ட்டர்ஸ் காலி செய்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று எங்கள் வீட்டில் ஒரு பெட்டி புத்தகம் விட்டுப்போனது. சிவப்பு, நீல அட்டையில் தங்கப் படம், மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறு. எதிலும் ஆண்டு இல்லை. உள்ளே பரிசுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. சீட்டை எடுத்துவிட்டால் புத்தகம் சுத்தமாகுமே?
– வாசகி, பெரம்பூர்

ப: எடுத்துவிடாதீர்கள் அம்மா. ஆண்டு இல்லாத புத்தகத்துக்கு அந்தச் சீட்டுதான் பிறப்புச் சான்றிதழ். சீட்டில் 1896 என்றிருந்தால் புத்தகம் 1896-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. கடையில் ஓரிரண்டு வருடம் கிடந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஞாயிறு பள்ளியிலும் மிஷன் பள்ளியிலும் கொடுப்பதற்கென்றே ரிலிஜியஸ் டிராக்ட் சொசைட்டி, எஸ்.டபிள்யூ. பார்ட்ரிட்ஜ் போன்ற வெளியீட்டாளர்கள் இவற்றை ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். உள்காகிதம் மட்டம், அட்டை ஜோர். விலை குறைவுதான், சேகரிக்கத் தொடங்குபவருக்கு அதுவே வசதி. டிராக்ட் சொசைட்டி நூலில் 56, பேட்டர்னாஸ்டர் ரோ என்ற முகவரி இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலம், போவரி தெரு என்றிருந்தால் 20-ஆம் நூற்றாண்டு. கடைசி விளம்பரப் பக்கத்தில் உள்ள நூல்களில் எது கடைசியாக வெளிவந்தது என்று தேடினால் இன்னும் நெருங்கலாம்.

லண்டன் பள்ளிச் சீட்டு ஒட்டிய பிரதி உலகமெங்கும் கிடக்கிறது. சென்னைப் பள்ளியின் பெயரும் மாணவியின் பெயரும் வகுப்பும் கையால் எழுதிய சீட்டு அப்படியல்ல. அந்தப் பிரதிகளைத் தனியே எடுத்துவையுங்கள். தங்க அட்டையை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், உலர்ந்த மஸ்லின் போதும்.

கே: எல்லாரும் லண்டன் பதிப்பைத்தான் தேடுகிறார்கள். நம் ஊரில் அச்சானவற்றுக்கு மதிப்பு உண்டா?
– வாசகர், வேப்பேரி

ப: வேப்பேரியிலிருந்து இந்தக் கேள்வியா! 1761-இல் புதுச்சேரியைப் பிடித்தபோது ஆங்கிலேயர் எடுத்துவந்த பிரெஞ்சு அச்சு இயந்திரம் ஜெர்மன் மிஷனரி ஃபாப்ரீஷியஸ் கைக்கு வந்து உங்கள் பேட்டையில்தான் ஓடியது. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் அங்கேதான் வெளிவந்தது. அது விக்டோரியா காலத்துக்கு முந்தியது, கிடைப்பதும் குதிரைக்கொம்பு. நம் காலகட்டத்தில் தேட வேண்டியது அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி.ஆர். ஹண்ட் அச்சிட்டவை. 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட வின்ஸ்லோ அகராதி (1862) அவர் அச்சிட்டதுதான். லண்டன் நூல்போலப் பல்லாயிரம் பிரதிகள் அடிக்கவில்லை, கரையானுக்கும் வெள்ளத்துக்கும் போனது போக மிச்சம் கொஞ்சம்தான். ஆகவே உள்ளூர் அச்சுக்குத்தான் எங்கள் ஓட்டு.

கால்டுவெல்லைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் முதலில் வந்தது. 1875 இரண்டாம் பதிப்பை அவரே விரித்து எழுதினார். 1913 மூன்றாம் பதிப்பு அவர் மறைவுக்குப் பின் வேறு கைகளால் திருத்தப்பட்டு, சில பகுதிகள் விடப்பட்டது. ‘கடைசிப் பதிப்புதான் முழுமை’ என்ற வழக்கமான எண்ணம் இங்கே பொய்க்கிறது. திருநெல்வேலி வரலாறு 1881-இல் சென்னை அரசு அச்சகத்தில் வந்தது. ஆய்வுப் பயணியின் நூலில் நம் மலையும் இருக்க வேண்டுமென்றால் கிளெமென்ட்ஸ் மார்க்கம், 1862: பெருவிலிருந்து, மலேரியா மருந்தான கொயினா தரும் சிங்கோனாச் செடியை நீலகிரிக்குக் கொண்டுவந்த கதை.

இவற்றுக்கெல்லாம் டெல்லி மறுபதிப்புகள் உண்டு. தலைப்புப் பக்கத்தை அப்படியே படமெடுத்து அச்சிடுவதால் பழைய ஆண்டே தெரியும். கடைக்காரரே ஏமாறுவார். படத்தை லென்ஸில் பாருங்கள். நாளிதழ்ப் படம்போலச் சதுர வரிசையில் புள்ளிகள் இருந்தால் அது 1860-இன் வேலை அல்ல, அந்தப் புள்ளி அச்சு 1880-களுக்குப் பிறகுதான் புத்தகங்களில் பரவியது. எழுத்தைத் தடவிப் பாருங்கள். ஈய எழுத்து அழுத்திய பக்கத்தின் பின்புறம் லேசாக மேடு தட்டும், ஆஃப்செட்டில் தட்டாது.

கே: பச்சை அட்டைப் பழைய புத்தகத்தில் ஆர்சனிக் விஷம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

ப: இந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி உண்மை. 1840-கள் முதல் 1860-கள் வரை சில வெளியீட்டாளர்களின் துணி அட்டையில் எமரால்டு கிரீன் என்ற, தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்த சாயம் இருந்தது. அமெரிக்காவின் விண்டர்தூர் அருங்காட்சியகம் 2019 முதல் இத்தகைய பிரதிகளைக் கண்டறிந்து பட்டியலிடுகிறது. கிளிப்பச்சையாகப் பளீரென்று இருப்பதே சந்தேகத்துக்குரியது, முதுகு பழுப்பாக மாறியும் இருக்கலாம். கண்ணால் உறுதிசெய்ய முடியாது. எனவே சந்தேகப்பட்டால் நைட்ரைல் கையுறை போட்டுத் தொடுங்கள், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள், தனி ஜிப் கவரில் வையுங்கள், மேசையை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். காசிமேட்டுக்காரருக்குச் சொன்ன ஃப்ரீசர் வைத்தியத்தைப் பச்சை அட்டைக்குச் செய்ய வேண்டாம், அதே ஃபிரிட்ஜில்தானே மீனும் இருக்கும்.

கே: மேரி ஸ்லெஸ்ஸர் வாழ்க்கை வரலாறு கிடைத்தது. ஆசிரியர் லிவிங்ஸ்டன். அவருடைய கடைசிப் புத்தகமா இது?
– வாசகர், வியாசர்பாடி

ப: ஆப்பிரிக்கா போன டேவிட் லிவிங்ஸ்டன் 1873-லேயே காலமாகிவிட்டார். மேரி ஸ்லெஸ்ஸர் இறந்தது 1915-இல், அதன்பின் அந்த நூலை எழுதியவர் டபிள்யூ.பி. லிவிங்ஸ்டன், வேறு ஆள். பல முறை மறுபதிப்பு ஆனது, சல்லிசாகக் கிடைக்கும்.

கே: மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் இதெல்லாம் சுலபமாகக் கிடைத்தது என்கிறார்கள். இப்போது எங்கே தேடுவது? ஒரு புத்தகத்தில் நூலக முத்திரை இருக்கிறது, வாங்கலாமா? இன்னொன்றுக்குள் 1880-களின் கடிதங்கள் நாலைந்து இருந்தன. லண்டனில் உள்ள உறவினர் அனுப்பச் சொல்கிறார்.
– வாசகர், திருவொற்றியூர்

ப: 1985 தீ விபத்துக்குப் பிறகு மூர் மார்க்கெட் கடைக்காரர்களில் பலர் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அங்கே இப்போது பாடப்புத்தகம்தான் அதிகம், ஆனால் ‘பைபிள் மாதிரி தடியா, படம் போட்ட பழசு வந்தா எடுத்துவைங்க’ என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தால் பலன் உண்டு. வேப்பேரி, பெரம்பூர் பழைய பேப்பர் கடைகளுக்குப் பள்ளி விடுமுறையில், வீடு மாற்றும் மாதங்களில் போங்கள். பிரதியை வாங்கும் முன் அதே பதிப்பின் ஸ்கேன் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறதா என்று கைபேசியில் பார்த்துப் படங்களை ஒப்பிடலாம். ஒன்று மட்டும் கவனம்: ஸ்கேன் எடுத்தவர்கள் மடிப்பு வரைபடத்தைப் பல நேரம் விரிப்பதில்லை, அதை வைத்து ‘வரைபடமே கிடையாது’ என்று முடிவுகட்டாதீர்கள்.

நூலக முத்திரை இருந்தால், நீக்கப்பட்டது என்ற இன்னொரு முத்திரையும் இருக்க வேண்டும். பல நூலகங்கள் தலைப்புப் பக்கத்தில் மட்டுமல்லாமல் உள்ளே தாங்கள் குறித்துவைத்த ஒரு பக்கத்திலும் முத்திரை குத்தும். தலைப்புப் பக்க மூலை சதுரமாக வெட்டப்பட்டோ சுரண்டப்பட்டோ இருந்து, உள்பக்கத்தில் முத்திரை அப்படியே இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

கடிதங்களை அனுப்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டு தாண்டினாலே தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உறவினருக்கு நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். அதற்கு முன் எந்தக் கடிதம் எந்தப் பக்கத்துக்கு இடையில் இருந்தது என்று பென்சிலில் ஒரு தனித்தாளில் குறித்துவையுங்கள். உறையின் தபால்தலையை யாராவது கேட்டால் வெட்டிக் கொடுத்துவிட வேண்டாம், அந்த முத்திரையில்தான் தேதி இருக்கிறது.